பைரவருக்குச் சுட்ட பிஸ்கெட்

என் கல்யாணம் நடக்க ஒரு கறுப்பு நாய் தேவைப்பட்டது. கல்யாணம் நிச்சயமானதும் அந்த நாய் யாருக்கும் தேவைப்படவில்லை. அதன் உயிருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன். என் கல்யாணக் கதையைக் கேட்க ஆசை இருந்தால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் உறவில் அதை ரசித்துச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நாய் வராது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தொன்பது வயசு. மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில் வீடு, நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதில் பாதிப் பேருக்கு ஊரே மாம்பலம்தான். மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு ஒரு லெட்டர் வர எத்தனை வருஷம் ஆகும்?

நடுவில் ஒரு பையன் வீட்டார், "பொண்ணுக்குக் கேக், பிஸ்கெட் எல்லாம் பண்ண வருமா?" என்று கேட்டுவிட்டார்கள். உடனே என்னை தி. நகரில் ஒரு மாமி நடத்திய வகுப்பில் சேர்த்தார்கள். மூடியில் கண்ணாடி வைத்த வட்டமான அலுமினிய ஓவன் ஒன்றும் வீட்டுக்கு வந்தது. அந்தப் பையன் வேறு இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டான். ஓவன் பரணில் ஏறியது.

அப்புறம்தான் அம்மா ஒரு ஜோசியரைப் பிடித்தாள். ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த மனுஷர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"ஏழுல சனி உக்காந்துண்டு விடமாட்டேங்கறான். பரிகாரம் பண்ணணும். கறுப்பு நாய் ஒண்ணு பாருங்கோ. அதுக்கு நாப்பத்தெட்டு நாள், பொண்ணு தன் கையால பண்ணி, தன் கையால போடணும். மீதியைப் பைரவர் பார்த்துப்பார்."

பைரவருக்கு வாகனம் நாய். அதனால் நாய்க்குப் போட்டால் பைரவருக்குப் போட்ட மாதிரி. இதில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் செய்கிற பெண்ணாகத்தான் நான் இருந்தேன். அம்மா எதையும் சொல்லாமலே செய்வாள். நான் வாய் கிழியப் பேசிவிட்டுச் செய்வேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் சந்து முனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். அதன் அடியில் ஒரு கறுப்பு நாய் படுத்துக்கிடக்கும். அம்மா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெண் பார்த்துவிட்டு வந்தவள் போல ஒவ்வொன்றாகக் குறை சொன்னாள். ஒன்று, அது பெட்டை. இரண்டு, முன்னங்கால் ஒன்றில் பாதம் மட்டும் வெள்ளை.

"பெட்டையா இருந்தா என்னம்மா?"

"பைரவர் பைரவர்தான். ஆம்பளை பொம்பளை எல்லாம் நமக்கு எதுக்கு? அந்த வெள்ளைக் கால்தான் இடிக்கறது. ஜோசியர் கண்ணுல பட்டா ஒத்துக்க மாட்டார்."

ஜோசியர் எங்கே இங்கே வந்து நாயின் காலைப் பார்க்கப் போகிறார்? சொன்னேன், கேட்கவில்லை. மறுநாள் காலையில் அப்பாவின் கறுப்பு ஷூ பாலிஷ் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போய், தூங்கிக்கொண்டிருந்த நாயின் வெள்ளைப் பாதத்துக்கு மெருகு போட்டுவிட்டு வந்துவிட்டாள். கடவுளை ஏமாற்ற ஷூ பாலிஷ்! இப்படி ஒரு யோசனை எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வரும்.

நாய் சும்மா இருக்குமா? நக்கித் தீர்த்துவிட்டு இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு நின்றது. இஸ்திரி போடுகிறவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? அது காலுக்கு இன்னாத்தயோ தட்வி வச்சிகீறாங்க. நாய் துடிச்சிக்கினு கீது."

அம்மா உள்ளே போய்விட்டாள். நான்தான் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்கு முன் ஒரு நாயை நான் தொட்டதே இல்லை. பாதத்தை மடியில் வைத்து விரல் விரலாகத் துடைத்தேன். கடிக்கும் என்ற பயத்தில் முகத்தை மட்டும் எட்ட வைத்துக்கொண்டேன். அது தலையை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு, ஆகட்டும், மெதுவாகச் செய் என்பதுபோலக் கிடந்தது. பாதம் மறுபடி வெள்ளையானது. அம்மா அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

முதல் நாள் தயிர் சாதம் பிசைந்து போட்டேன். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. டீக்கடையில் பொறை ரொட்டியும், குப்பத்துப் பக்கம் மீன் தலையும் தின்று பழகிய நாக்கு அது. இரண்டாம் நாளும் அப்படியே. பைரவர் தொடாத அன்றைக்குக் கணக்கு ஏறாது என்று அம்மாவுக்குப் பதற்றம். மீன் தலை எங்கள் வீட்டில் நடக்காது. முட்டையும் நடக்காது. அப்போதுதான் எனக்கு ஓவன் ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டில் இருந்தவள் வீட்டில் ஒரு பொமரேனியன் உண்டு. அவளைக் கேட்டேன். "சக்கரை வேண்டாம், உப்பு வேண்டாம், மைதா வேண்டவே வேண்டாம்" என்றாள். கோதுமை மாவு இரண்டு பங்கு, கேழ்வரகு மாவு ஒரு பங்கு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு கை. முட்டைக்குப் பதில் வேகவைத்து மசித்த பறங்கிக்காய். பிசைந்து, தட்டி, மருந்து பாட்டில் மூடியால் வட்ட வட்டமாக வெட்டி அடுக்கினேன். முதல் ஈடு கல். நாய் அதை வாயில் கவ்விக்கொண்டு போய்க் குழி தோண்டிப் புதைத்தது. அதைவிட மரியாதையாக யாரும் என் சமையலை நிராகரித்ததில்லை.

அந்த ஓவனில் சூடு கீழேயிருந்துதான் வரும். அடி கருகும், மேல் வெளுத்திருக்கும். வோல்டேஜ் இறங்கினால் மணிக்கணக்காகும். பாதியில் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும் என்பதும், பறங்கிக்காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மாவைப் பிசைய வேண்டும் என்பதும் நாலைந்து ஈடு வீணான பிறகுதான் கைவந்தது. கேழ்வரகும் கடலையும் சேர்ந்து வெந்து வரும் வாசனை கொல்லையிலிருந்து சந்து முழுக்கப் போகும். நாய் வாசல் கேட்டருகே வந்து உட்கார்ந்துவிடும்.

இதில் அம்மாவின் சட்டதிட்டம் வேறு. பைரவருக்கு என்பதால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் மாவைத் தொட வேண்டும். நைவேத்தியம் மாதிரி என்பதால் ருசி பார்க்கக் கூடாது. ஆனால் நாய்க்கு என்பதால் சமையலறைக்குள் வைத்துச் செய்யக் கூடாது. ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் ஓவனை வைத்து, ஈரத் தலையோடு நான் நாய்க்கு பிஸ்கெட் சுட்டேன். எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்ப்பாள். கூவம் கரைக் குடிசையிலிருந்து விடியும் முன் நடந்து வருகிறவள்.

"இன்னாக்கா, நாய்க்கு பிஸ்கோத்தா? அது குட்த்து வச்ச நாய்தான்" என்றாள். ஒன்றை எடுத்துக் கடித்தும் பார்த்தாள். "உப்பும் இல்ல, சக்கரையும் இல்ல. ஆனா நல்லா கீதுக்கா." என்று இன்னும் இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு என்று ஒரு ஈடு சுட்டுக் கொடுக்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அதுவும் எழுதவேண்டியதுதான்.

தினமும் காலையில் நாலு பிஸ்கெட். உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். அவள் (அது, அவள் ஆகிவிட்டாள்) பல் படாமல் உதட்டால் எடுத்துக்கொள்வாள். தின்றுவிட்டு என்னோடு பஸ் ஸ்டாப்வரை வருவாள். பஸ் நகர்ந்ததும் திரும்பிப் போவாள். வழியெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே போவேன். ஆபீஸ் கதை, லெட்டர் போடாதவர்கள் கதை. வீட்டில் என்னைப் பார்க்கிற கண்ணிலெல்லாம் ஒரு கவலை இருக்கும். அவள் கண்ணில் அது இல்லை. சிரிக்காதீர்கள், நான் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேன்.

அம்மாவும் அவளுக்கு மரியாதை கொடுத்தாள். "பைரவர் வந்துட்டார் பாருடி", "பைரவர் சாப்ட்டாரா?", "பைரவர் இன்னிக்கு ஏன் வாட்டமா இருக்கார்?" எல்லாம் ஆர் விகுதிதான். அப்பாவுக்குக்கூட அம்மா அவ்வளவு மரியாதை கொடுத்து நான் கேட்டதில்லை.

நாற்பது நாள் தாண்டியிருக்கும். அடையாறிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன், பையனின் அப்பா, அம்மா. வழக்கம்போலச் சொஜ்ஜி, பஜ்ஜி. பையனின் அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஷுகர். எண்ணெயும் ஆகாது. நீங்க சிரமப்படாதேள்."

அம்மா திகைத்துப்போய் நின்றாள். வந்த மனுஷர் வெறும் வாயோடு போனால் சம்பந்தம் கூடாது என்பது அவள் எண்ணம். அப்பா விறுவிறுவென்று உள்ளே போனார். கொல்லைப்பக்கத்து அலமாரியில் கைக்குக் கிடைத்த டப்பாவைத் திறந்து, எவர்சில்வர் தட்டில் கொட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

"ஆத்துல பண்ணின பிஸ்கெட். எங்க பொண்ணு பண்ணினது. ஒரு துளி சக்கரை கிடையாது."

நான் ஓவனில் சக்கரை போடாமல் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்பாவுக்குத் தெரியும். பரிகாரம் நடக்கிறது என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரியாது. வீட்டில் பெண்கள் செய்வதை அதற்கு மேல் அவர் கவனித்ததில்லை. நிலைப்படியில் நின்ற அம்மாவின் முகம் வெளுத்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒருவரும் அப்பாவைத் தடுக்கவில்லை. அதில் என்ன தப்பு, குளித்துவிட்டுத்தானே செய்தாள் என்று பிறகு அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவர் ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். நாலு சாப்பிட்டார்.

"சக்கரை இல்லாம இப்படி ஒரு ருசியா! சமத்துப் பொண்ணு. நம்மாத்துக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு."

ஒரே வாரத்தில் சம்மதம் வந்தது, அதுவும் நேரிலேயே. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அம்மா அழுதாள். அப்பா அம்மாவுக்கு மேல் அழுதார். நானும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வருங்கால மாமனார் பத்திரிகை வாசகம் பேச வந்தார். வந்ததும் பிஸ்கெட் கேட்டார். வாசல் அறையில் தட்டோடு உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே அவள் வந்து உட்கார்ந்தாள். தன் பிஸ்கெட்டை யாரோ தின்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா? அவர் கடிக்கிற ஒவ்வொரு கடிக்கும் வாசல் கேட் கம்பியில் பாதத்தை வைத்து வைத்து எடுத்தாள்.

"என்ன இது, இந்த நாய் என் பிஸ்கெட்டையே பார்த்துண்டிருக்கு?" என்று அவர் சிரித்தார். எழுந்து போய் ஒன்றைக் கம்பி வழியாக அவளுக்கு நீட்டவும் செய்தார். அவள் உதட்டால் அழகாக எடுத்துக்கொண்டு, அடுத்ததற்குக் காத்திருந்தாள். "அட, பழகின மாதிரின்னா சாப்பிடறது!"

அம்மா அவசரமாகக் காப்பியை நீட்டி, அவருக்கும் கேட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவர் போன பிறகு வேலைக்காரப் பெண் கொல்லையில் என்னிடம், "அக்கா, உன் மாமனாரும் நாயும் ஒரே தட்டுலயா துண்றாங்க?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது வெளில போச்சுன்னா கல்யாணம் நின்னுடும்" என்றாள் அப்பாவிடம். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டார். "கர்மம், கர்மம்!" பிறகு இருவரும் ரொம்ப நேரம் அடங்கிய குரலில் பேசினார்கள். பிஸ்கெட் சுடுவதை நிறுத்தச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு நாள் ஏற்கனவே முடிந்திருந்தது. நான் நிறுத்தினேன். ஆனால் அவள் வருவதை நிறுத்தவில்லை. காலையில் கேட்டருகே உட்கார்ந்து, உள்ளே பார்த்துச் சின்னதாகக் குரல் கொடுப்பாள். பஸ் ஸ்டாப்வரை வெறும் வயிற்றோடு வருவாள்.

"அந்த நாய் மறுபடி வந்துடுத்து பாரு, சனியன்" என்றாள் அம்மா ஒரு நாள்.

வந்துடுத்து. முந்தின வாரம்வரை வந்துட்டார். விகுதி மாறின அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் கிழியப் பேசுகிறவள் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அன்றைக்குப் பேசவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால், நான் ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் சந்துக்குள் கார்ப்பரேஷனின் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. கம்பி வலை போட்ட வண்டி, உள்ளே நாலைந்து நாய்கள். அப்பா லீவு போட்டிருந்தார், ஏன் என்று அப்போது புரிந்தது. அவள் இஸ்திரி வண்டிக்கு அடியில், சுவரோரம் ஒடுங்கிக்கொண்டாள். நீளக் கழியில் சுருக்குக் கம்பி மாட்டிய ஆட்கள் இருவர் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"இன்னா சார் இது? அது பாட்டுக்குக் கீது. யாரைக் கட்ச்சுது?" என்றார் இஸ்திரி போடுகிறவர்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இருப்பா" என்றார் அப்பா.

"உள்ள பூந்துக்குச்சு சார், கம்பி எட்ல" என்றான் வண்டிக்காரன். "பயக்கமானவங்க யார்னா கூப்ட்டா வரும்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா உள்ளேயிருந்து டப்பாவைக் கொண்டுவந்தாள். மாமனாருக்கு என்று எடுத்து வைத்திருந்த பிஸ்கெட் அதில் இருந்தது.

"நீ கூப்ட்டா வரும்" என்றார் அப்பா. "பெருங்குடிப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவாளாம். அங்க நிறைய எடம் இருக்கு. கஷ்டமே இல்ல."

வண்டிக்காரன் தரையைப் பார்த்தான். இஸ்திரி போடுகிறவர் என்னைப் பார்த்து, "வேணாம் யம்மா" என்றார். நான் ஹேண்ட்பேக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கெட்டை உள்ளங்கையில் வைத்துக் குனிந்தேன்.

"வாடி" என்றேன்.

எத்தனை நாளைக்கு அப்புறம் கூப்பிடுகிறேன்! வாலை ஆட்டிக்கொண்டு தவழ்ந்தே வெளியே வந்தாள். உதட்டால் பிஸ்கெட்டை எடுத்தாள். சுருக்கு விழுந்தது. இழுத்துக்கொண்டு போகும்போதுகூடப் பிஸ்கெட்டை அவள் உடனே விடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில்தான் கீழே விழுந்தது. நான் நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அன்று ஆபீஸில் எத்தனையோ பக்கம் டைப் அடித்தேன், ஒரு தப்புகூட இல்லை என்று சூப்பரின்டெண்ட் சொன்னார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அடையாறுக்கு வந்தேன். மாமனார் பிஸ்கெட் கேட்டபோதெல்லாம் ஓவன் ரிப்பேர் என்றேன். அவர் நல்ல மனுஷர். சில வருஷத்தில் கேட்பதை விட்டுவிட்டார். நான் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டேன். நாய் விஷயத்தில் என் மனசில் ஒரே குற்றவாளி அவர்தான் என்று வைத்துக்கொண்டேன். அது சௌகரியமாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை அப்பா எங்கள் அடையாறு வீட்டுக்கு வந்திருந்தார். வயசாகிவிட்டிருந்தது. காப்பி கொடுத்தேன். தெருவில் ஏதோ நாய் குரைத்தது. "அடையாறுல நாய்த் தொல்லை ஜாஸ்திதான்" என்றார், சாதாரணமாக. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இங்கயும் வண்டியைக் கூப்பிடேன்! அதுதான் உனக்கு நன்னா வருமே! ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டு என்னைக் கரையேத்தினே நீ!"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"வண்டியைக் கூப்ட்டது நான். ஒத்துக்கறேன்" என்றார். "நாயைக் கூப்ட்டது யாரு?"

"நீ பெருங்குடில விட்டுடுவான்னு பொய் சொன்னே."

"சொன்னேன். நீ நம்பினியா?"

நான் நம்பவில்லை. அந்த வண்டியில் ஏறின நாய் திரும்பி வந்து மயிலாப்பூரில் யாரும் பார்த்ததில்லை. எனக்கு அது சின்ன வயசிலிருந்தே தெரியும். தெரிந்துதான் கையை நீட்டினேன். இருபத்தொன்பது வயசு, எனக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.